ஏலத்தில் எடுத்த டொமைன்: பழைய உரிமையாளர் திருப்பிக் கேட்டால்?

கேள்வி: காலாவதியான ஒரு டாட் காம் டொமைனை நான்கு மாதங்களுக்கு முன் ஏலத்தில் எடுத்தேன். இன்னும் தளம் எதுவும் போடவில்லை. 'பத்து வருஷமாக என் தொழிலின் பெயர் அது. கார்டு மாறியதால் புதுப்பிக்க முடியாமல் போய்விட்டது. திருப்பித் தர எவ்வளவு வேண்டும்?' என்று ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: 'எவ்வளவு' என்பதற்கு மட்டும் இன்று பதில் சொல்லாதீர்கள்.

டொமைன் கைவிட்டுப் போனாலும் வர்த்தக முத்திரை உரிமை அதோடு சேர்ந்து போய்விடாது. டாட் காம் போன்ற டொமைன்களின் தகராறுகளுக்கென்று 1999-இல் வந்த யூடிஆர்பி விதிகள் மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன: பெயர் அவருடைய முத்திரையோடு ஒத்திருக்கிறதா, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை உண்டா, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தினீர்களா. மூன்றையும் அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் முத்திரைக்காரரிடமே செலவுக்கு மேல் விற்பதற்காக வாங்கியிருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று என்று விதியிலேயே இருக்கிறது. அவசரப்பட்டு ஒரு பெரிய தொகையை எழுதி அனுப்பினால், புகாரோடு முதலில் இணைக்கப்படுவது அந்த மின்னஞ்சல்தான். அதனால் முத்திரைப் பதிவேட்டில் அந்தப் பெயரை முதலில் தேடிப் பாருங்கள். யாரும் பயன்படுத்தும் பொதுச்சொல்லாக இருந்து, அந்தச் சொல்லின் அர்த்தத்துக்காகவே வாங்கியிருந்தால், உங்கள் விலையைச் சொல்வதில் தவறில்லை.

கார்டு மாறியது வருத்தம்தான், ஆனால் அது உரிமை ஆகாது. காலாவதிக்குப் பின் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம், நீக்கினால் மீட்புக் காலம் 30 நாள், கடைசியாக நீக்கம் நிலுவையில் இருக்கும் 5 நாள். இதெல்லாம் தாண்டிவிட்டதால் புதுப்பித்து மீட்கும் வழி அவருக்கு இல்லை. டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஆர்டிஏபி தேடலில் பழைய பதிவுத் தேதியே தெரிந்தால் குழம்ப வேண்டாம். நீக்கப்படாமல் ஏலத்துக்கு வந்த பெயர்களில் அப்படித்தான் இருக்கும். தகராறில் கணக்கில் எடுப்பது உங்கள் கைக்கு வந்த தேதியை. ஏல ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து, எழுதியவர் உண்மையிலேயே அவர்தானா? பெயரைப் பறிக்க நினைக்கும் மூன்றாம் ஆளும் இதே கதையைச் சொல்லலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அவருடைய பழைய தளத்தின் தொடர்புப் பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கும் தொலைபேசி எண்ணிலோ சமூக வலைத்தளப் பக்கத்திலோ பேசுங்கள்.

அப்புறம், நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்த டொமைனுக்கு வரும் எல்லா மின்னஞ்சலையும் பிடிக்கும் அமைப்பை ஏற்கெனவே போட்டிருந்தால், உடனே நிறுத்துங்கள். அவருடைய வாடிக்கையாளர் கடிதங்கள், வங்கி அறிவிப்புகள், கடவுச்சொல் மாற்றும் இணைப்புகள் எல்லாம் உங்கள் பெட்டிக்கு வந்து விழும். திறந்து படிக்காதீர்கள். பழைய முகவரியில் தொடங்கிய கணக்குகளை மாற்றிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். டொமைனைத் தருகிறீர்களோ இல்லையோ, இதைச் சொல்வது உங்கள் கடமை.

தளம் இல்லாத அந்த டொமைனில் விளம்பரப் பக்கம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பதிவு நிறுவனம் தானாகப் போட்டதாக இருந்தாலும், அவருடைய தொழில் சார்ந்த விளம்பரம் வந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

பதில் இவ்வளவு போதும்: 'உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த டொமைனைப் பொது ஏலத்தில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்குப் பழைய ரசீது ஏதாவது அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.'

அந்தப் பெயரில் உங்களுக்குத் திட்டம் எதுவும் இல்லை, அவரோ அதை நம்பிப் பிழைப்பவர் என்றால், ஏலத்தொகையும் கட்டணமும் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்பேன். ஒரு தொழில்காரருக்குப் பத்து வருஷத்து முகவரி சின்ன விஷயமில்லை. பணத்தை எஸ்க்ரோ வழியாக, அதாவது கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் நடுநிலை நிறுவனம் வழியாக, வாங்குங்கள். பணம் அங்கே வந்து சேர்ந்தது உறுதியான பிறகே டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற உதவும் ரகசியக் குறியீட்டைக் கொடுங்கள். இருவரும் ஒரே பதிவு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால் உள்ளுக்குள்ளேயே மாற்றிவிடலாம்.

பேச்சு முறிந்து யூடிஆர்பி புகார் வந்தால் பதில் தர 20 நாள் உண்டு. அதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அவர் தரப்பை மட்டும் வைத்து முடிவாகிவிடும். தோற்றாலும் அபராதம் கிடையாது, பெயர்தான் போகும்.