பாமினிக் கோப்புகள்: மின்ட் மேல் பழி வேண்டாம்

வணக்கம். விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்ட் இயங்குதளத்துக்கு மாறியபின் அப்பாவின் பழைய கட்டுரைகள் லிப்ரேஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவதாகவும், விண்டோஸுக்கே திரும்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திரும்ப வேண்டாம். கோப்பு எதுவும் கெடவில்லை.

அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினி யுனிகோடு (தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் பொதுமுறை) அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். 'ஜே' இருக்கும் இடத்தில் 'த' வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும், அது விண்டோஸாக இருந்தாலும்.

பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, மின்டில் இரட்டைச் சொடுக்கி நிறுவுங்கள். லிப்ரேஆபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

ஆனால் அதோடு விடாதீர்கள். இந்தக் கோப்புகளில் 'அம்மா' என்று யுனிகோடில் தேடினால் ஒன்றும் சிக்காது. நேரம் கிடைக்கும்போது ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறும் (எரிச்சலான வேலைதான்), அதனால் பத்தி பத்தியாகச் செய்யுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.