ஹார்ட்மனும் ரோஸ்மனும்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானி எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியதாகப் படித்தேன். அமெரிக்காவின் முதலிடக்காரர் ரிச்சர்ட் போங் எடுத்தது வெறும் 40. இந்தக் கணக்கை நம்பலாமா? அரசியலில் சேராத சுத்த வீரர் என்கிறார்களே, சரிதானா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

கணக்கில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சுத்த வீரர் கதையை விடுங்கள். 1944 ஆகஸ்டில் வைரம் பதித்த விருதை ஹிட்லர் கையால் வாங்கியவர் அவர். அப்புறம், அது என்ன ‘வெறும் 40’? ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் ஆள் இருந்தான் ஐயா.

போங்கை நாற்பதில் நிறுத்தியது எதிரி அல்ல, அவருடைய மேலதிகாரிகள். போதும் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மன்காரர்களுக்கு இத்தனை தடவை பறந்தால் போதும் என்ற வரம்பே கிடையாது. ஹார்ட்மன் 1,400 தடவைக்கு மேல் பறந்தார். மாற்றாள் இல்லை. ஸ்டாலின்கிராடில் மாட்டிக்கொண்ட படைக்குச் சாமான் இறக்கப் பயிற்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களையே உருவி அனுப்பிய படை அது. 1944இல் வந்த புதுப் பையன்களுக்கு, எதிரணிப் பையன்களுக்குக் கிடைத்த பறக்கும் நேரத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. வந்தார்கள், செத்தார்கள்.

ஹார்ட்மனும் அப்படிப் போயிருக்க வேண்டியவர்தான். 1942 அக்டோபரில் முதல் சண்டையிலேயே அணியைவிட்டு ஓடி, எரிபொருள் தீர்ந்து, வயலில் விமானத்தைப் போட்டார். தண்டனையாக மூன்று நாள் மெக்கானிக்குகளோடு வேலை. ஆனால் அவரைக் கூட்டிப்போனவர் அனுபவசாலி விமானி எட்மண்ட் ரோஸ்மன். ரோஸ்மனுக்குக் கையில் பழைய காயம். விமானத்தை வெட்டித் திருப்பிச் சண்டை போட முடியாது. அதனால் தூரத்திலிருந்தே பார்த்து, நிதானித்து, ஒரே பாய்ச்சலில் அடித்துவிட்டு விலகுவார். பையன் அதைப் பக்கத்திலேயே பறந்து கற்றான். கடைசிவரை அவனைக் காப்பாற்றியது அந்த ஊனக் கையின் பாடம்தான்.

நான் வேலை பார்த்த பட்டறையிலும் கைதேர்ந்த கடைசல்காரரை உற்பத்தி குறையும் என்று கடைசிவரை யாருக்கும் கற்றுக்கொடுக்க விடவில்லை. அவர் ஓய்வு பெற்றதும் வேலையும் போனது. இந்தக் கோபம் எனக்கு எப்போதும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோவியத் முகாம்களில் பத்து வருடம் கிடந்து 1955இல் திரும்பிய ஹார்ட்மன், மேற்கு ஜெர்மன் விமானப்படையில் சேர்ந்தார். ஸ்டார்ஃபைட்டர் ஜெட்டை வாங்காதீர்கள், நம் பையன்கள் இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்று மல்லுக்கட்டினார். கேட்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் அந்த ஜெட்டில் செத்தார்கள். 1970இல் அவரும் முன்கூட்டியே ஓய்வில் போனார். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை, செல்வம்.