சாவி தேடும் புனிதரா?

கேள்வி: செவ்வாய்க்கிழமை வந்தால் அந்தோணியார் கோவிலில் கூட்டம் நெரிகிறது. தொலைந்த சாவியைத் தேடித் தருவதைத் தவிர அவர் என்னதான் செய்தார்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: கடன்பட்டவர்களைச் சிறையிலிருந்து மீட்டார். 1231 மார்ச்சில் இத்தாலியின் பதுவா நகரம் ஒரு சட்டம் போட்டது. கடனை அடைக்க வழியில்லாதவர் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவரைச் சிறையில் தள்ளக் கூடாது. ஜாமீன் நின்றவரையும் கூடாது. அந்தோணியாரின் வேண்டுகோளால் இது செய்யப்பட்டது என்று சட்ட வாசகமே சொல்கிறது. கோடி அற்புதரின் கணக்கில் நகரசபை ஏட்டில் ஏறிய அற்புதம் இது!

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தவக்காலம் முழுவதும் அவர் தினமும் பிரசங்கம் செய்தார். கோவில்கள் கொள்ளாமல் கூட்டம் வயல்வெளிக்குப் போனது. வட்டிக்காரர்களை விளாசித் தள்ளினார். இறந்த கஞ்சன் ஒருவனின் மார்பைப் பிளந்து பார்த்தால் இதயத்தைக் காணோம், பணப்பெட்டிக்குள் கிடந்தது என்றொரு கதை அவர் பெயரில் உண்டு. இத்தாலியச் சிற்பி டொனாட்டெல்லோ அதை வெண்கலத்தில் வடித்தார். பதுவா பேராலயத்தில் இன்றும் பார்க்கலாம். கந்துவட்டிப் பணத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மேடை தேடி அலைந்தவரல்ல. லிஸ்பனில் பிறந்தவர், மொராக்கோவில் இரத்தசாட்சியாகச் சாகப் போனார். நோய்தான் கிடைத்தது. திரும்பிய கப்பலையும் காற்று சிசிலியில் கொண்டு சேர்த்தது. பிறகு இத்தாலியின் மொந்தேபவோலோ மலை ஆசிரமத்துக் குகையில் தனித்தவம். தான் கற்றவர் என்பதை அவர் வாயே திறந்து சொல்லவில்லை. பாத்திரம் கழுவத்தான் லாயக்கு என்று கூட இருந்த துறவிகள் நினைத்திருந்தார்கள். 1222-இல் ஃபோர்லியில் நடந்த குருப்பட்ட விழாவில் பேச ஆள் இல்லை. ‘வாய்க்கு வந்ததைப் பேசும்’ என்று துறவிகளின் தலைவர் இவரை எழுப்பிவிட்டார். பேசி முடித்ததும் குகைவாசம் போயிற்று. அன்று தொடங்கிய ஊர் ஊரான அலைச்சல் ஒன்பது வருடத்தில் ஆளைத் தின்றுவிட்டது.

சாவி விவகாரம் பிற்காலத்து ஒட்டு. அவருடைய பைபிள் சங்கீதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய இளந்துறவி, அவர் ஜெபித்ததும் திரும்பக் கொண்டுவந்தானாம். அதிலிருந்து கிளைத்ததுதான்.

1231 ஜூன் 13-இல் இறந்தார். மறுவருடம் மே 30-இல் போப் ஒன்பதாம் கிரகோரி புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார். ஒரு வருடம்கூட முடியவில்லை. மனுப் போட்டு நெருக்கியது பதுவா நகரத்தார்தான். கடன் சிறை ஒழிந்த ஊருக்கு அந்த அவசரம் இருக்காதா?