பெயர் ஊரில், ஆள் சென்னையில்

வேலைக்கும் படிப்புக்குமாக ஊரைவிட்டு வந்த இளைஞர்கள் பலர் சபை சேர்க்கை பற்றி எழுதியிருந்தார்கள். அவற்றில் ஐந்து கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: சொந்த ஊர் நாசரேத் பக்கம். வேளச்சேரியில் தங்கி வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாகப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் போகிறேன், ஆராதனை முடிந்ததும் நேரே ரூமுக்கு வந்துவிடுவேன். அங்கே ஒருத்தருக்கும் என் பெயர் தெரியாது. ஊர்ச் சபையில் இருக்கும் பெயரை இங்கே மாற்றிவிடலாமா என்று கேட்டால், "பேர எடுத்துட்டா ஊர்ல நமக்கு என்னல இருக்கு?" என்கிறார் அப்பா.
(வாசகர், வேளச்சேரி)

முதலில் கடிதத்தை முடித்துவிடுவோம். ஊர் சேகரத்திலிருந்து (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) மாறுதல் கடிதம் வாங்க வேண்டும். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற தேதியும் ஆலயமும், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற தேதி, இராப்போஜனத்தில் (நற்கருணையில்) பங்கு பெறுகிறவர் என்ற வரி, சந்தா எதுவரை கட்டியிருக்கிறது என்ற விவரம், இந்த நான்கும் அதில் இருக்கட்டும். பெரும்பாலும் இழுத்தடிப்பது கடைசி விவரம்தான். உங்கள் பெயர் அப்பாவின் குடும்பக் கணக்கில் இருக்கும். அதில் பாக்கி இருந்தால் கடிதமும் தள்ளிப்போகும். ஊருக்குக் கிளம்புமுன் பழைய ரசீதுகளைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள். சேகர குருவுக்குப் பல கிளைச் சபைகள் இருக்கும் என்பதால், அவர் எந்த நாளில் இருப்பார் என்று சபை ஊழியரிடம் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. ரெஜிஸ்டரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியலோடு பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்று இருப்பது நம் பக்கத்தில் சகஜம். இரண்டையும் 'என்கிற' போட்டு ஒரே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். இப்போது விட்டால் கல்யாண நேரத்தில், ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க ஒரு வாரம் இருக்கும்போது, இதற்காக ஊருக்கு ஓட வேண்டியிருக்கும்.

சென்னையில் அந்தக் கடிதத்தை ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது ஆயரிடம் கொடுக்காதீர்கள். அங்கியின் பைக்குள் போன கடிதம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வார நாளில் ஆலய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் வைத்துத்தான் பதிவார்கள் என்றால் ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். தனியாள் என்றாலும் உங்கள் பெயரிலேயே தனிக் குடும்ப எண் கேளுங்கள். சந்தா ரசீது உங்கள் பெயரில் வருவதற்கு அதுதான் வழி.

அப்பாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம். ஊரில் கல்லறைத் தோட்டமும் பிரதிஷ்டை பண்டிகையும் அசனமும் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) சபைப் பெயரோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால் மாறுவது உங்கள் ஒருவர் பெயர் மட்டும். குடும்பக் கணக்கு அப்பா அம்மா பெயரில் அங்கேயே இருக்கும். அசனத்துக்கு அரிசியோ பணமோ அனுப்ப யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு வருஷத்துக்குள் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் மாற்றவே வேண்டாம். அதற்கு மேல் இங்கே இருப்பதாக இருந்தால் மாற்றுவதே நல்லது என்போம்.

கடிதம் பதிவாகிவிட்டாலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை. "வாலிபர் ஐக்கியத்தில் சேருங்கள்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சேரலாம், தவறில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வராவிட்டால் ஒரு வேலையும் நிற்காது. நீங்கள் வராவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். பாடகர் குழுவில் டெனருக்கும் பேஸுக்கும் ஆண் குரல் எப்போதும் பற்றாக்குறை. சனிக்கிழமை மாலை பயிற்சிக்குப் போனால் சில மாதங்களில் டானிக் சால்ஃபா (சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) படிக்க வந்துவிடும். டிசம்பரில் போய்ச் சேராதீர்கள்; கேரல் பரபரப்பில் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இராது. ஜூன், ஜூலையில் சேருங்கள். பாட வராதென்றால் ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது. கோடை லீவில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவரை அந்தப் பிள்ளையின் அம்மாவும் பாட்டியும் மறக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் வராவிட்டால் "தம்பி எங்கே?" என்று கேட்க அங்கே இரண்டு பேர் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஆராதனைக்கும் இங்குள்ள ஆராதனைக்கும் நிறைய வித்தியாசம். ஒரே சி.எஸ்.ஐ. தானே?
(வாசகர், திருச்சியிலிருந்து)

ஒரே சி.எஸ்.ஐ. தான். ஆனால் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றானவை வெவ்வேறு மரபுகள்: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் சபைகள். நெல்லைச் சீமை ஆங்கிலிக்கன் மிஷன்கள் வளர்த்தது. நாகர்கோவில் லண்டன் மிஷன். மதுரை அமெரிக்கன் மிஷன். எழுந்து நிற்கும் இடம், முழங்காலிடும் இடம், இராகம் எல்லாவற்றிலும் அந்தப் பழைய வழக்கம் இன்னும் தெரியும். ஆராதனை முறைப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் நான்கு வாரத்தில் பழகிவிடும்.

கேள்வி: எனக்கு 24 வயது. பன்னிரண்டாம் வகுப்பு, காலேஜ் என்று ஓடியதில் திடப்படுத்தல் எடுக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கமாக இருக்கிறது.
(வாசகி, கோவை)

உங்களைப் போல விட்டுப்போனவர்கள் ஒவ்வொரு சபையிலும் உண்டு. ஆயரிடம் நேரில் கேட்டால் தனியாகவோ, பெரியவர்கள் இருவர் மூவரைச் சேர்த்தோ வகுப்பு எடுப்பார். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், இராப்போஜனம் ஆகியவற்றின் பொருள், இவையே பாடம். பாதி உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். சிக்கல் தேதியில்தான். தலையில் கை வைத்துத் திடப்படுத்துகிறவர் பேராயர். அவர் உங்கள் சேகரத்துக்கு வரும் நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே இந்த வருஷம் பேராயர் எப்போது வருகிறார் என்று முதலில் கேளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். கல்யாணம் நிச்சயமான பிறகு அவசர அவசரமாக எடுப்பதைவிட, இப்போது நிதானமாக எடுப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: கத்தோலிக்கப் பெண். கோட்டாறு மறைமாவட்டம். சென்னையில் ஹாஸ்டலில் இருந்தபடி வேலைக்குப் போகிறேன். இங்குள்ள பங்கில் (ஆலய வட்டாரத்தில்) நான் யார்? அடுத்த வருஷம் கல்யாணம் பேசுகிறார்கள், என்னென்ன வேண்டும்?
(வாசகி, பெருங்குடி)

உங்களுக்கு மாறுதல் கடிதமே தேவையில்லை. திருச்சபைச் சட்டப்படி, ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கியிருந்தாலோ, அவ்வளவு காலம் தங்கும் எண்ணத்தோடு வந்திருந்தாலோ, அந்தப் பங்குத்தந்தை உங்களுக்கும் பங்குத்தந்தை. ஊர்ப் பங்கும் உங்களுடையதே. ஆகவே "நான் வெளியூர், ஃபாதர்" என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

நடைமுறையில் ஹாஸ்டல் பிள்ளைகள் விட்டுப்போவதற்குக் காரணம் அன்பியம், அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு. தெரு தெருவாக, வீட்டைக் கணக்கிட்டு அது அமைகிறது. ஹாஸ்டல் அந்தக் கணக்கில் வருவதில்லை. பங்கு அலுவலகத்தில் உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது என்று கேட்டு, பொறுப்பாளரின் எண்ணை வாங்கி நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை போய் வாசகம் ஒன்று வாசித்தால், திருப்பலியில் வாசிக்கவும் கூப்பிடுவார்கள்.

கல்யாணத்துக்கு முக்கியமானது திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய தாள் உதவாது. 6 மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். உறுதிபூசுதல் (கத்தோலிக்கரின் திடப்படுத்தல்), திருமணம் எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்படும். புதிதாக எடுத்த நகலில்தான் நீங்கள் இதுவரை மணமாகாதவர் என்பது தெரியும். எங்கே வளர்ந்தீர்கள் என்பது கணக்கில்லை, திருமுழுக்குப் பெற்ற பங்கில்தான் அதை வாங்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: அம்மாவின் தாய்வீட்டு ஊரில் திருமுழுக்கு நடந்திருக்கும், தேடுவது அப்பா ஊரில். மணத்தயாரிப்பு வகுப்புக்குச் சென்னையிலேயே போய்ச் சான்றிதழ் வாங்கலாம்; ஊர்ப் பங்கு அதை ஏற்குமா என்று முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மூன்று ஓலைக்கு மூன்று ஞாயிறு வேண்டும். தவக்காலம் குறுக்கே வந்தால் தேதி குறிப்பதே சிரமம்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். நண்பர்கள் அழைக்கும் சுயாதீன சபையில் பாட்டும் ஜெபமும் மனதைத் தொடுகின்றன. அங்கே சேர முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார்கள். குழந்தையாக எனக்குக் கொடுத்தது செல்லாதா?
(வாசகர், தாம்பரம்)

உங்கள் சி.எஸ்.ஐ. சபையின் போதனைப்படி செல்லும். "ஒரே ஞானஸ்நானத்தை" என்று விசுவாசப் பிரமாணத்தில் நீங்களே அறிக்கையிடுகிறீர்கள். அதனால் மறுபடி கொடுப்பதை அது ஏற்பதில்லை. நண்பர்கள் அழைப்பது போன்ற பெந்தெகொஸ்தே சபைகள், விசுவாசித்தவர் தாமே கேட்டுப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்கின்றன. இரு தரப்பும் மனதார நம்பிச் சொல்வது இது. ஆகவே பாட்டு பிடித்திருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். உங்கள் ஆயரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் மறைத்துச் செய்தால் பிறகு வீட்டில்தான் வெடிக்கும்.

சேர்வது என்று முடிவெடுத்தால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் அபிஷேகம் பெறாத போதகர் திருமணம் நடத்த அரசு உரிமம் வேண்டும். அங்குள்ள போதகருக்கு அது இருக்கிறதா? அடுத்தது, அந்தச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் உண்டா? 25 வயதில் கேட்க ஒரு மாதிரியாக இருக்கும்தான். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழும் நாளில், எந்தச் சபைக் கல்லறையில் இடம் கேட்பது என்று தெரியாமல் குடும்பங்கள் அலைவது சென்னையில் நடக்கிறது.