சிறு பண்ணைக்குப் புதிதாகக் கழுதை வாங்கி வருபவர் முதல் வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டரை ஏக்கர் நிலத்தில் ஆறு வெள்ளாடுகளும் ஒரு பசுவும் வைத்திருப்பதாகவும், எரு சுமப்பதற்கும் தெருநாய்களிடமிருந்து ஆடுகளைக் காப்பதற்கும் ஒரு கழுதை வாங்கவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வந்து சேர்ந்த முதல் சில வாரங்களில் எதைக் கவனிக்க வேண்டும், இரவில் கத்தினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்களா என்பவை உங்கள் கேள்விகள். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம், டிராக்டர் ஏற முடியாத படிக்கட்டு நிலத்தில் நான்கு ஆண்டுகளாகக் கழுதை வளர்ப்பவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் நான் முதலில் திருத்த விரும்புவது ‘ஒரு’ என்ற சொல்லை. ஒரு கழுதை வாங்காதீர்கள்; ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகிய இரண்டை வாங்குங்கள். இந்தப் பாடத்தை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் முதலில் வாங்கியது ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெட்டைக் கழுதை. பொதி சுமக்க ஐந்து கழுதைகள் வைத்திருந்த ஒருவரிடம் அதைப் பார்த்தபோது, காயடித்த ஆண் கழுதை ஒன்று அதன் கழுத்தின்மேல் தன் தாடையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தது. நான் பெட்டையின் காலையும் பல்லையும் பார்த்தேனே தவிர, அந்த ஆணைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாள் பெட்டை அமைதியாக இருந்தது. இரண்டாம் நாள் முழுவதும் தலையைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. புது இடம், பழகிவிடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் தொழுவத்தைக் கூட்டிய என் மனைவி, விட்டை குறைவாக இருக்கிறது என்றார். நான் எட்டிப் பார்த்தபோது அது சோளத்தட்டையில் வாயை வைத்து அசைத்துக்கொண்டிருந்ததால், தின்றுகொண்டுதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழனிக்குப் போய்விட்டேன்.

உண்மையில் அது தின்னவில்லை. தின்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தது. நோயுற்ற கழுதை தீவனத்தில் வாயை வைத்து உதட்டை அசைத்துக்கொண்டே நிற்கும், ஆனால் ஒரு வாய்கூட உள்ளே போகாது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. நான்காம் நாள் விட்டை சிறுத்து, கெட்டியாகி, மேலே சளிபோன்ற படலத்துடன் இரண்டு மூன்று உருண்டைகளாக மட்டும் விழுந்திருந்தது. கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் கழுத்து நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, அந்தக் கண்ணாடிக் குழாயைத் திண்ணை நிழலில் நிமிர்த்தி வைத்தார். சிறிது நேரத்தில் சிவப்பு அடியில் இறங்கியது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் தெளியாமல், அரிசி கழுவிய கழுநீர்போல் வெளுத்துக் கலங்கி நின்றது. அந்த வெண்மை அத்தனையும் கொழுப்பு என்றார்.

கழுதை தின்பதை நிறுத்தினால், அதன் உடல் சேமித்து வைத்துள்ள கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடத் தொடங்கும். தேவைக்கு மேல் கரைந்து வருவதைக் கல்லீரல் சமாளிக்க முடியாமல் போகும்போது, கல்லீரலும் சிறுநீரகமும் பழுதடைந்து சில நாட்களிலேயே உயிர் போய்விடக்கூடும். கொழுத்த கழுதை, சினையாக உள்ளது, பால் கொடுப்பது ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். பயணம், இடமாற்றம், தீவனத்தைத் திடீரென மாற்றுவது, பல்வலி, குடற்புழு, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணையைப் பிரிவது ஆகிய எதுவும் இதைத் தொடக்கிவிடலாம். புதிதாக ஒரு கழுதையை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, இந்தப் பட்டியலில் பாதியை நாமே ஒரே நாளில் அதன் தலைமேல் சுமத்துகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி கொடுத்தார். அதன் துணை எங்கே என்று கேட்டார். அன்று மாலையே நான் பழைய உரிமையாளரிடம் போய் அந்த ஆண் கழுதையையும் விலைக்குக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தே விலையை ஏற்றியிருக்கலாம், அவர் ஏற்றவில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் ஆண் நேராகப் போய்ப் பெட்டையின் மூக்கோடு மூக்கை வைத்து முகர்ந்தது, பிறகு பழையபடி கழுத்தின்மேல் தாடையை வைத்தது. இருட்டிய பிறகு தொழுவத்துப் பக்கம் போனபோது, தட்டை நொறுங்கும் சத்தம் கேட்டது. சிகிச்சை மேலும் நான்கு நாள் தொடர்ந்தது என்பதால், துணை வந்ததால் மட்டுமே பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துணை வராமலேயே பிழைத்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதல் இரண்டு வாரங்களுக்கு உங்கள் வேலை இது: வாயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் போடும் தீவனத்தை எடைபோட்டு வையுங்கள், மாலையில் மிச்சத்தை எடைபோடுங்கள், விட்டையை எண்ணுங்கள். நலமாக இருக்கும் கழுதையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 44. கழுதை வலியை வெளியே காட்டாத பிராணி. மாடு முனகும், ஆடு கத்தும், கழுதை சும்மா நிற்கும். சோர்ந்து நிற்கிறது என்று உங்களுக்குத் தோன்றும்போதே நோய் முற்றியிருக்கக்கூடும். ஒரு நாள் முழுவதும் தின்னவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பழகிய ஜோடியைத் தேடுவது இப்போது எளிதன்று. 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 3.2 லட்சமாக இருந்த கழுதைகள், 2019-இல் 1.2 லட்சமாகக் குறைந்துவிட்டன. சலவைத் தொழிலிலும் செங்கல் சூளைகளிலும் அவற்றின் வேலை போய்விட்டது. எங்கள் பக்கம் கோட்டூர் மலைபோல் சாலை எட்டாத ஊர்களுக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக்கூடக் கழுதைகள்தாம் சுமந்து சென்றிருக்கின்றன. அத்தகைய மலைக்கிராமங்களுக்குப் பொதி ஏற்றுபவர்களிடம் விசாரித்தால் கிடைக்கும். வாங்கும் முன் அரைமணி நேரம் தள்ளி நின்று, எது எதனுடன் சேர்ந்து மேய்கிறது என்று பாருங்கள். பிறகுதான் பல்லைப் பார்க்க வேண்டும். இரண்டரை வயதில் நடு முன்பற்கள் விழுந்து முளைக்கும். ஐந்து வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் நிலைப்பற்களாகிவிடும். முதுகில் சேணம் உராய்ந்த பழைய புண் இருக்கிறதா, குளம்பு சறுக்கிய செருப்புபோல் முன்னால் நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூச்சு நன்றாக வாங்கும் என்ற தவறான நம்பிக்கையில் மூக்குத் துளையைக் கீறிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய வடு என்றால் கழுதைக்குக் கேடும் இல்லை.

மூக்கிலிருந்து கெட்டியான சளி ஒழுகுவதும், தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகக் கட்டி உடைந்து புண்ணாவதும் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். அது குதிரை இனத்தைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றக்கூடியது. இரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகும். ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. கால்நடை மருத்துவர் வழியாக மாதிரி அனுப்பலாம். குடற்புழு மருந்தும் தசைவிறைப்பு (டெட்டனஸ்) நோய்க்கான தடுப்பூசியும் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

எங்கள் ஊரில் ‘சின்ன யானை’ என்று சொல்லும் வண்டியில்தான் கழுதைகளை ஏற்றி வந்தேன். ஏற மறுத்து நிற்கும் கழுதையை அடித்தோ இழுத்தோ பயனில்லை. கழுதையின் மூதாதை ஆப்பிரிக்கப் பாலையில் சிறு கூட்டமாக வாழ்ந்த காட்டுக் கழுதை; அஞ்சும் பொருளைக் கண்டால் குதிரைபோல் ஓடாமல், நின்று யோசிப்பதே அதன் இயல்பு. அதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். வண்டியின் தரையில் வைக்கோலைப் பரப்பி, சரிவாகப் பலகை வைத்து, ஜோடியில் தைரியமானதை முதலில் ஏற்றினால் மற்றது தானாகப் பின்தொடரும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். மாட்டுக்குப்போல் மூக்கணாங்கயிறு போடும் எண்ணம் வேண்டாம், தலைக்கயிறு போதும். முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தளையிட்டு மேயவிடும் வழக்கத்தையும் நான் கைவிட்டுவிட்டேன். வேலி இருந்தால் அதற்குத் தேவையே இல்லை.

பழைய உரிமையாளரிடமிருந்து ஒரு வாரத்துக்கான தீவனத்தையும் இரண்டு குடம் தண்ணீரையும் கேட்டு வாங்கி வாருங்கள். தண்ணீரா என்று சிரிப்பார்கள். பழகாத வாடையுள்ள தண்ணீரைக் கழுதை தொடாது, தாகத்தையும் நெடுநேரம் காட்டிக்கொள்ளாது. ஆகவே பழைய தண்ணீரோடு புதியதைக் கலந்து பழக்குவது நல்லது. தொட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தீவனத்தில் நம் கை தாராளமாக இருப்பதே தவறு. பாலை நிலத்து முள்ளையும் உலர்ந்த புல்லையும் தின்று வளர்ந்த வயிறு அது. என்னிடம் உள்ளவை ஒவ்வொன்றும் 110 கிலோ அளவில் இருக்கும். நாளொன்றுக்கு 2 கிலோ அளவில் சோளத்தட்டை அல்லது கேழ்வரகுத் தாள், கொஞ்சம் மேய்ச்சல், நக்குவதற்கு உப்புக்கட்டி, இவ்வளவுதான். கடலைக்கொடி சத்து மிகுந்தது என்பதால் கைப்பிடி அளவோடு நிறுத்திவிடுவேன். பிடரியில் கொழுப்பு சேர்ந்து ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். உங்கள் பசுவுக்கு வைக்கும் கலப்புத் தீவனத்தை மட்டும் எந்நிலையிலும் கழுதைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்துப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். மாட்டுக்குக் கேடு செய்யாத அந்த அளவே குதிரை இனத்தின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். வேலியில் அரளி இருந்தால், கழுதை வருவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டிப் போட்ட அரளிக் கிளைகள் காய்ந்த பின்னும் நஞ்சுதான், ஆகவே அவற்றை அங்கேயே விட்டுவிடவும் கூடாது.

‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர்’ என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். ஆனால் அது குட்டிச்சுவரைத் தேடிப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கழுதையின் முடி மழைநீரை வழியவிடாமல் உறிஞ்சிக்கொள்வதால், நனைந்தால் தோல்வரை ஈரமாகிக் குளிரில் நடுங்கும். காற்றை மறைக்க ஒரு சுவராவது வேண்டும். மூன்று பக்கம் அடைத்த, மேலே கூரையுள்ள, நீர் தேங்காத மேட்டு நிலக் கொட்டகை அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் நின்றால் குளம்பு ஊறி மென்மையாகி, உள்ளே சீழ் கட்டும். தரையில் ஒரு பகுதிக்குக் கப்பி பரப்பிவிட்டேன்; அதன் பிறகு நொண்டல் குறைந்தது. குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லாருக்கும் இது கைவராது. தெரிந்தவரை முன்பே பார்த்து வையுங்கள்.

ஆடுகளைக் காக்கும் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நாயைக் கண்டால் துரத்தும் கழுதைகள் உண்டு. என் ஆண் கழுதை துரத்தும், பெட்டை திரும்பிக்கூடப் பார்க்காது. நாயைத் துரத்தும் அதே குணத்தோடு ஆட்டுக்குட்டியைக் கடித்துத் தூக்கி எறிவதும் நடக்கும் என்பதால், முதல் மூன்று வாரம் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகவே வைத்துப் பழக்குங்கள். புழுவும் நோயும் பரவாமல் இருக்கவும் அந்த இடைவெளி உதவும். காயடிக்காத ஆணை ஆட்டுப் பட்டிக்குள் விடவே கூடாது. எரு சுமப்பதை முதல் மாதம் மறந்துவிடுங்கள். அதன் பின்பும் இந்த உடலளவுள்ள கழுதைமீது நான் 30 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. பால் விற்று விலையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம், குட்டி அருகில் இருந்தால்தான் சுரக்கும், கிடைப்பதும் கொஞ்சந்தான்.

கத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். கத்தும். தீவனம் பத்து நிமிடம் தாமதமானால் கத்தும், தூரத்தில் வேறு கழுதையின் குரல் கேட்டால் கத்தும். பெட்டை தனியாக இருந்த அந்த நான்கு நாட்களில் இரவெல்லாம் கத்தியதால், பக்கத்து நிலத்துப் பெரியவர் விடியற்காலையில் வேலியருகே வந்து, “என்னப்பா, அதுக்கு யாருமே இல்லையா?” என்று கேட்டார். ஜோடி சேர்ந்த பிறகு இரவுச் சத்தம் நின்றுவிட்டது. இப்போது காலை ஐந்தரைக்கு ஒருமுறை கத்துகின்றன. அந்தப் பெரியவர் அதைக் கேட்டுத்தான் மோட்டார் போட எழுகிறார்.