பதில்: ‘காத்தாடிக்காரன்’ என்று கிண்டல் செய்யும் அண்ணன்

கோத்தகிரி கல்யாணத்தில் ஏர்லைன்ஸ் பைலட்டான பெரியப்பா மகன், ஹெலிகாப்டர் ஓட்டும் உங்களைக் ‘காத்தாடிக்காரன்’ என்று மட்டம் தட்டினாராம். நீங்களும் ஏர்லைன்ஸுக்கு மாறலாமா என்று கேட்கிறீர்கள்.

ரோஷத்துக்காக மாறாதீர்கள் தம்பி. விமானத்துக்கு லைசென்ஸ் தனி, செலவு லட்சக்கணக்கில். சம்பளம்தான் காரணமென்றால் சரி, அது வேறு கணக்கு.

மலையில் ஹெலிகாப்டர் ஓட்டுவது ஒன்றும் மட்டமில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மெலிந்த காற்றில் இன்ஜின் சக்தியும் குறையும், ரோட்டரின் (மேலே சுழலும் இறக்கைகளின்) தூக்குவிசையும் குறையும். மலையில் காற்று வந்து மோதாத மறைவுப் பக்கம் போனால் காற்று கீழே அமுக்கும். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அண்ணன் 35,000 அடியில் பறந்தாலும் அவர் கேபினுக்குள் இருப்பது அழுத்தத்தில் ஏறக்குறைய ஊட்டிக் காற்றுதான்! (இதை விருந்தில் சொல்லலாம்.) அதற்காக, கொட்டும் மழையில் நூற்றைம்பது பேரோடு இரவில் இறங்குவதை லேசாகப் பேசிவிடாதீர்கள். அதுவும் தனி வித்தை.