எண்ணிக்கை, லாரி, கண்ணிவெடி: போரியல் கேள்வி–பதில்

கேள்வி: எதிரியிடம் 80 டாங்கி, நம்மிடம் 100. வித்தியாசம் 20தானே? அதற்கு ஏன் ராணுவ நிபுணர்கள் இவ்வளவு அலட்டிக்கொள்கிறார்கள்?

பதில்: 20 இல்லை, 60. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் 1916-இல் போட்டுக் காட்டிய கணக்கு இது. இரு தரப்பும் ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுட முடிகிற வெட்டவெளியில், படையின் வலு எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100-இன் வர்க்கம் 10,000. 80-இன் வர்க்கம் 6,400. மீதி 3,600, அதன் வர்க்கமூலம் 60. அதாவது 80-உம் அழிந்து முடியும்போது மறுபக்கம் 60 டாங்கிகள் மிஞ்சும். சிறிய படையின் ஒவ்வொரு டாங்கியையும் நோக்கி அதிகக் குழல்கள் திரும்புகின்றன. ஒன்று போகப் போக, மிச்சமிருப்பவை வாங்கும் அடி கூடுகிறது.

அந்த 80-ஐ நாற்பது நாற்பதாகப் பிரித்து, ஒன்று அழிந்தபின் அடுத்ததை அனுப்பினால் இன்னும் மோசம்: எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 82 பிழைக்கும். படையைத் தவணை முறையில் களமிறக்குவதைத் தளபதிகள் ஏன் வெறுக்கிறார்கள் என்பதற்கு இதுவே விடை. மாறாக, ஒரு நேரத்தில் ஒன்றோடு ஒன்று மட்டுமே மோத முடிகிற குறுகலான இடமாக இருந்தால் கணக்கு வெறும் கழித்தல்தான்: 20 மிஞ்சும். சிறிய படை நகரத் தெருவையும் கணவாயையும் தேடிப் போவது இதனால்தான். எண்ணிக்கையில் பாதியாக இருப்பவன் வெட்டவெளியில் சமாளிக்க வேண்டுமானால், அவனுடைய ஒவ்வொரு டாங்கியும் நான்கு மடங்கு திறமையாகச் சுட வேண்டும்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்குப் பயம் தெரியாது, மேடுபள்ளம் தெரியாது. நிஜத்தில் எந்தப் படையும் கடைசி ஆள் வரை நிற்பது அரிது. அதற்கு வெகு முன்பே பின்வாங்கும் அல்லது சரணடையும். தாக்குபவனுக்கு மூன்று மடங்கு பலம் வேண்டும் என்று சொல்வார்களே, அதையும் இப்படித்தான் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது உடைக்கப்போகும் இடத்துக்கான விகிதம். இரு நாடுகளின் மொத்தப் படையைக் கூட்டி வகுத்துப் பார்ப்பது வீண்வேலை.

கேள்வி: 2020-இல் ஆர்மீனியாவோடு நடந்த கராபக் போரில் அசர்பைஜானை ஜெயிக்கவைத்தது ட்ரோன்தானே?

பதில்: ட்ரோன் மட்டும் இல்லை. பழைய ஆன்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டு, ஆர்மீனியத் தரப்பின் வான்பாதுகாப்பைச் சுடத் தூண்டி, அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ட்ரோன்கள் அடுத்துதான் வேலை செய்தன. 44 நாள் போரை முடித்துவைத்தது, மலையேறிச் சென்று ஷுஷா நகரைப் பிடித்த காலாட்படை.

கேள்வி: அவ்வளவு பெரிய ரஷ்யப் படை கீவ் நகரை ஏன் பிடிக்க முடியவில்லை?

பதில்: போரில் எல்லாமே எளிது, ஆனால் மிக எளிய காரியம்கூடச் செய்வதற்குக் கடினம் என்றார் பிரஷ்யப் போரியல் சிந்தனையாளர் கிளாசவிட்ஸ். அதற்கு அவர் வைத்த பெயர் உராய்வு. கீவ் படையெடுப்பு அதற்குப் பாடநூல் உதாரணம்.

2022 பிப்ரவரி 24 அன்று ஹெலிகாப்டர்களில் வந்த துருப்புகள் நகருக்கு வடமேற்கே ஹொஸ்டோமெல் விமான நிலையத்தில் இறங்கின. பின்னாலேயே பெரிய சரக்கு விமானங்கள் ஆட்களைக் கொண்டுவர வேண்டும். உக்ரைனின் எதிர்த்தாக்குதலும் பீரங்கிச் சூடும் ஓடுபாதையைப் பயன்படுத்த விடவில்லை. சுமை முழுவதும் சாலைக்கு மாறியது. சாலையிலோ பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன. இர்பின் ஆற்றின் அணைநீரைத் திறந்துவிட்டதில் டெமிடிவ் என்ற ஊர்ப்பக்கம் சதுப்பாகிப்போனது. தார்ச்சாலையை விட்டு இறங்கிய வண்டி சேற்றில் சிக்கியது. 60 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு நின்ற ரஷ்ய வாகன வரிசை இப்படி உருவானதுதான். செர்னிஹிவ் நகரம் விழாததால் வடகிழக்கிலிருந்து வரும் வழியும் பத்திரமாக இல்லை. தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிய தோல்வி இல்லை. எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்ததுதான் வினை.

லாரிக் கணக்கையும் பாருங்கள். 155 மி.மீ. குண்டு ஒன்று சுமார் 45 கிலோ. 18 பீரங்கிகள் ஆளுக்கு 100 குண்டு சுட்டால் ஒரு நாளைக்கு 81 டன். உந்துமருந்தும் பெட்டிகளும் தனி. குண்டுக்கு மட்டுமே பத்து டன் லாரி ஒன்பது நடை. கிடங்கு 30 கிலோமீட்டரில் இருந்தால் ஒரே லாரி நாளுக்கு இரண்டு மூன்று நடை அடிக்கும். 100 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போனால், ஏற்றி இறக்கும் நேரமும் சேர்ந்து, ஒன்றே பெரிது. 2022 கோடையில் உக்ரைனுக்கு அமெரிக்கா கொடுத்த ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் 70 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து கிடங்குகளைத் தாக்கத் தொடங்கியதும் ரஷ்யா அவற்றைப் பின்னுக்குத் தள்ள நேர்ந்தது. பீரங்கி ஒன்றுகூட அழியாமலே சூட்டைக் குறைக்க இது நல்ல வழி.

கேள்வி: டாங்கியின் காலம் முடிந்துவிட்டதா?

பதில்: 1973 அரபு–இஸ்ரேல் போரிலும் இதே கேள்வி. சினாயில் காலாட்படைத் துணையில்லாமல் பாய்ந்த இஸ்ரேல் டாங்கிகளை எகிப்தியர்களின் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் பொசுக்கின. அந்த ஏவுகணை 3 கிலோமீட்டர் போக 25 விநாடி ஆகும். அதுவரை ஒருவர் கண்ணெடுக்காமல் அதை ஓட்ட வேண்டும். அவர் இருக்கும் பக்கம் மார்ட்டரும் இயந்திரத் துப்பாக்கியும் பொழிந்தால் குறி தவறும். விடை கிடைத்தது, டாங்கியும் தங்கியது. இன்றைய ட்ரோன் ஓட்டுநர் பல கிலோமீட்டர் பின்னால் பதுங்கியிருப்பதால் அந்த விடை போதாது. டாங்கி இப்போது ஒளிந்து நின்று, சுட்டுவிட்டு, இடம் மாறுகிறது. கூட்டமாகப் பாயும் வழக்கம்தான் அடிபட்டிருக்கிறது.

கேள்வி: 2023-இல் உக்ரைனின் எதிர்த்தாக்குதல் கண்ணிவெடியில் சிக்கியது என்கிறார்கள். வெடியை அகற்றக் கருவி இல்லையா?

பதில்: இருந்தது. வரிசைமுறை குலைந்தது. முதலில் வெடிவயலை, அதாவது கண்ணிவெடி புதைத்த நிலத்தை, காவல் காக்கும் பீரங்கிகளையும் ஏவுகணைக் குழுக்களையும் அடக்க வேண்டும். பிறகு புகைத்திரை. அதன்பின் ராக்கெட் இழுத்துச் செல்லும் வெடிகயிறு: அமெரிக்க வகையில் 107 மீட்டர் நீளம், சுமார் 790 கிலோ வெடிமருந்து, வெடித்தால் 8 மீட்டர் அகலப் பாதை. அதில் கலப்பை பூட்டிய டாங்கி ஓடி மிச்சத்தைத் தள்ளும். பாதைக்கு அடையாளம் நட்டு, படை சட்டென்று கடந்துவிட வேண்டும்.

உக்ரைனின் தெற்கே ஸபோரிஷியாவில் வெடிவயல்களைக் கடக்கும் தூரம் ஒரு கயிற்றின் நீளத்தைவிட அதிகம். கயிறு மேல் கயிறாக வீச வேண்டியிருந்தது, ஒவ்வொன்றுக்கும் நேரம் போனது. முதல் படி சரியாக நடக்காததால், ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி அடிபட்டால் பின்னால் உள்ளவை அசையாமல் நின்றன. ரஷ்யாவின் கா-52 ஹெலிகாப்டர்கள் தொலைவிலிருந்தே அவற்றைச் சுட்டன. ரஷ்யர்கள் ராக்கெட் மூலம் புதுக் கண்ணிவெடிகளைத் தூவி, திறந்த பாதையை மறுபடி மூடினார்கள். கடைசியில் சிறு குழுக்கள் கையால் வெடியகற்றி, மரவரிசைகளை ஒட்டி நகர வேண்டியதாயிற்று.

கேள்வி: ட்ரோனின் அலைவரிசையை முடக்கிவிட்டால் போதாதா?

பதில்: ரேடியோவில் இயங்கும் ட்ரோனுக்குப் போதும், அதுவும் சரியான அலைவரிசையை முடக்கினால். ஆனால் 2024 முதல் கண்ணாடி இழையைப் பிரித்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் பெருகிவிட்டன. கட்டளை அந்த இழை வழியாகவே போகிறது. அவற்றுக்கு ரேடியோ தொடர்பே இல்லை, முடக்க ஒன்றுமில்லை. இழைச்சுருளின் எடைக்கு ஏற்ப வெடிபொருளைக் குறைக்க வேண்டும், மரக்கிளையில் மாட்டினால் அறுந்துபோகும். எதிர்ப்பவர்கள் இப்போது சாலைக்கு மேல் வலை கட்டுகிறார்கள், வேட்டைத் துப்பாக்கியும் கொடுக்கிறார்கள்.